பெரும் தரவுக் கோப்புகளை இணைய ஆய்வுத் தளத்தில் ஏற்றுதல்: ஒரு வரிசையும் விடுபடாதிருக்க

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக நாடு முழுவதும் 57,582 வழக்குகள் பதிவாயின. முந்தைய ஆண்டில் அவ்வெண்ணிக்கை 50,900. இவ்வெண்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காவல் நிலையமும், ஒரு குற்ற எண்ணும், ஒரு குடும்பமும் உள்ளன. புகாரே ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இக்கணக்கில் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆனால், பெரும் போராட்டத்திற்குப் பின் பதிவான வழக்குகளும், நம் கணினியிலிருந்து ஓர் ஆய்வுத் தளத்திற்குச் செல்லும் வழியில் ஓசையின்றி உதிர்ந்துபோகக்கூடும் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் பெயர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகள் எக்செல்லின் பழைய வடிவத்தில் ஏற்றப்பட்டதே காரணம். அவ்வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது; எஞ்சியவை எவ்வித எச்சரிக்கையுமின்றி வெட்டுப்பட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தோரைத் தேடும் பணியும் பல நாள்கள் தாமதமாயிற்று. வளம் மிக்க ஓர் அரசு நிறுவனத்திற்கே இது நேர்ந்ததென்றால், கைப்பேசி இணையத்தைக் கொண்டு பணியாற்றும் ஒரு மாணவர் குழுவிற்கு நேராது என்று சொல்ல முடியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குற்றப் புள்ளிவிவரம், மாதிரி ஆய்வு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற பட்டியல்கள் ஆகிய பெருங்கோப்புகளைக் கூகுள் கோலாப் போன்ற இணைய ஆய்வுத் தளத்தில் எவ்வாறு முழுமையாகவும் பாதுகாப்பாகவும் ஏற்றுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம். கோலாபை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம், அது உலாவியிலேயே இயங்குவதும், விலையுயர்ந்த கணினி இல்லாதோரும் இலவசமாகப் பயன்படுத்த இயல்வதுமே.

எந்தக் கோப்பு, எவ்வளவு பெரியது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிற்றூருக்கும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எழுத்தறிந்தோர் எத்தனை பேர், விவசாயக் கூலிகள் எத்தனை பேர் என்பன போன்ற விவரங்கள் அதில் உள்ளன. நாட்டில் ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் சிற்றூர்கள். நெடுவரிசைகள் ஏறத்தாழ 90. இரண்டையும் பெருக்கினால் 5 கோடியே 76 லட்சம் கட்டங்கள். கூகுள் ஷீட்ஸ் ஒரு கோப்பில் 1 கோடிக் கட்டங்களையே அனுமதிக்கிறது. இன்றைய எக்செல் 10,48,576 வரிசைகள் வரை தாங்கும். அதற்கு மேற்பட்ட கோப்பைத் திறந்தால் எச்சரிக்கை காட்டும். அவ்வெச்சரிக்கையைப் படிக்காமல் கோப்பைச் சேமித்தால் எஞ்சியவை அழிந்துவிடும்.

தேசிய மாதிரி ஆய்வின் அலகு நிலைத் தரவு வேறு வகை. அது பெரும்பாலும் இடைவெளியற்ற எண் வரிசைகளாகவே கிடைக்கும். எத்தனையாவது இடத்திலிருந்து எத்தனையாவது இடம் வரை எந்தத் தகவல் என்பதை உடன் வரும் அமைப்புக் கோப்பே சொல்லும். சமூகப் பிரிவு என்னும் இடத்தில் 1 என்றால் பழங்குடி, 2 என்றால் பட்டியல் சாதி, 3 என்றால் பிற பிற்படுத்தப்பட்டோர், 9 என்றால் ஏனையோர். ஓர் இடம் பிசகி ஏற்றினாலும் சமூகப் பிரிவு என்று நாம் எண்ணிப் படிப்பது வேறொரு வினாவின் விடையாக இருக்கும். ஆகவே தரவுக் கோப்போடு அமைப்புக் கோப்பையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

மூன்றாவது வகை நாமே திரட்டுவது. வன்கொடுமை வழக்குகளின் பட்டியல், தீருதவித் தொகை வழங்கிய விவரம், பஞ்சமி நிலங்கள் தொடர்பான அ-பதிவேட்டின் படிகள் ஆகியவை இதில் அடங்கும். இவை பெரும்பாலும் தாளை வருடி எடுத்த படங்களாகவே நம் கைக்கு வருகின்றன. ஆயிரம் பக்கங்களைக் கொண்ட படக்கோப்பு பல ஜிபி எடை கொண்டிருந்தாலும், அதில் கணினி கூட்டிப் பார்க்கக்கூடிய எண் ஒன்றுகூட இராது.

எனவே தகவல் கேட்கும் மனுவிலேயே வடிவத்தையும் குறிப்பிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஞ) மின்னணு வடிவில் தகவல் பெறுவதையும் உரிமையாகவே வரையறுக்கிறது. நிர்வாகத்தின் வளங்களை அளவுக்கு மீறித் திசைதிருப்பாத வரையில், கேட்ட வடிவிலேயே தகவல் தரப்பட வேண்டும் என்று பிரிவு 7(9) கூறுகிறது. அலுவலகக் கணினியில் எக்செல் கோப்பாக இருப்பதை அச்சிட்டு, வருடி, படமாக அனுப்புவதை நாம் ஏற்கத் தேவையில்லை. மேல்முறையீட்டில் இப்பிரிவுகளைச் சுட்டலாம்.

ஏற்றுவதற்கு முன் நம் கணினியில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மூலக் கோப்பைத் தொடக்கூடாது. அதன் படி ஒன்றை எடுத்து அதில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். மூலத்தை எக்செல்லில் திறந்து பார்ப்பதும், தன்னையறியாமல் சேமித்து விடுவதும் தரவு சிதைவதற்கான முதற் காரணங்கள்.

இரண்டாவதாக, வரிசைகளை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். கோப்பின் பெயர், எங்கிருந்து எந்த நாளில் பெற்றது, எத்தனை வரிசைகள், எத்தனை நெடுவரிசைகள், எடை எவ்வளவு என்பவை அக்குறிப்பில் இடம்பெற வேண்டும். கூடவே கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்கலாம். ஷா-256 என்னும் முறை, எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தை உருவாக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஏற்றிய பின் தளத்திலும் அதே கணக்கீட்டைச் செய்து ஒப்பிட்டால், வழியில் ஏதும் சிதையவில்லை என்பது உறுதியாகும்.

மூன்றாவதாக, எழுத்துக் குறியாக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். தமிழக அலுவலகங்களின் பழைய கோப்புகள் பல, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளன. இணையத் தளத்தில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். ஒருங்குறியில் உள்ள கோப்பையும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். தமிழ் எழுத்துகளை ஏற்காத குறியாக்கத்தில் சேமித்தால் ஊர்ப் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். அதன்பின் அவற்றை மீட்க வழியில்லை.

நான்காவதாக, எண்களைப் போல் தோன்றும் பெயர்களைக் காக்க வேண்டும். கணக்கெடுப்பின் வட்டக் குறியீடுகள் ஐந்து இலக்கம் கொண்டவை, பூச்சியத்தில் தொடங்குபவை. எக்செல்லும் பாண்டாஸ் நிரலகமும் அதை வெறும் எண்ணாகக் கருதி முன்னிருக்கும் பூச்சியத்தை நீக்கிவிடும். பிறகு வேறொரு கோப்போடு இணைக்கும்போது அவ்வட்டங்கள் பொருந்தாமல் விடுபடும். குற்ற எண்களில் இன்னும் நுட்பமான சிக்கல் உண்டு. 5/2019 என்னும் குற்ற எண்ணை எக்செல் 2019 மே மாதம் என்று தேதியாக்கிவிடும். 13/2019 தப்பிவிடும், ஏனெனில் பதின்மூன்றாம் மாதம் இல்லை. ஆக ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஆண்டின் முதல் பன்னிரண்டு வழக்குகள் மட்டும் உருமாறும். இத்தகைய நெடுவரிசைகளை எழுத்து வகை என்று அறிவித்தே திறக்க வேண்டும்.

எதை ஏற்றக் கூடாது?

இணையத் தளம் என்பது பிறருடைய கணினி. அங்கே வைக்கும் கோப்பு எந்த நாட்டிலுள்ள சேவையகத்தில் இருக்கிறது என்பதுகூட நமக்குத் தெரியாது. எனவே பாதிக்கப்பட்டோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் எண், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஏற்றக் கூடாது.

இது நன்னெறி மட்டுமன்று, சட்டமும் ஆகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் அச்சுறுத்தலிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையை அளிக்கிறது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைப்பதற்கும் அதில் வழி உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72-இன் கீழ் குற்றம். குழந்தைகளெனில் போக்சோ சட்டத்தின் பிரிவு 23-உம் பொருந்தும்.

இதற்கான எளிய முறை, கோப்பை இரண்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு வழக்கிற்கும் நாமே ஒரு வரிசை எண் கொடுக்க வேண்டும். பெயரும் அவ்வெண்ணும் கொண்ட திறவுக் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு நம் கணினியிலேயே இருக்கும். எண்ணும் ஆய்வுக்கு வேண்டிய விவரங்களும் கொண்ட மற்றொரு கோப்பு மட்டுமே தளத்திற்குச் செல்லும். பெயரை நீக்கினால் போதும் என்றும் கருதிவிடக் கூடாது. நாற்பது தலித் குடும்பங்கள் மட்டுமே வாழும் ஊரில், சம்பவ நாளும் பெண்ணின் வயதும் தெரிந்தாலே ஊராருக்கு யார் என்பது தெரிந்துவிடும். ஊருக்குப் பதில் வட்டம், நாளுக்குப் பதில் மாதம், வயதுக்குப் பதில் வயதுப் பிரிவு என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏற்றும் வழிகள்

பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்துபோவதே நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர். நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2 ஜிபி கோப்பு என்பது ஏறத்தாழ 16,000 மெகாபிட். விநாடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 3,200 விநாடிகள், அதாவது ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். விநாடிக்கு 1 மெகாபிட் எனில் நான்கரை மணி நேரம் வரை ஆகும்.

எனவே முதலில் சுருக்க வேண்டும். கணக்கெடுப்புக் கோப்புகளில் ஒரே மாநிலப் பெயரும் ஒரே மாவட்டப் பெயரும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவதால் அவை மிக நன்றாகச் சுருங்கும். ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பைப் பாண்டாஸ் நேரடியாகவே படிக்கும். சுருக்கியும் பெரிதாக இருந்தால் 7-சிப் மென்பொருளில் பல துண்டுகளாக்கி ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஒரு துண்டு தவறினால் அதை மட்டும் மீண்டும் ஏற்றினால் போதும்.

கோலாபின் இடப்பக்கப் பலகத்தில் கோப்பை நேரடியாக இழுத்துப் போடும் வசதி சிறு கோப்புகளுக்கு மட்டுமே ஏற்றது. அவ்வாறு ஏற்றியவை அமர்வு முடிந்ததும் அழிந்துபோகும். இலவசப் பயன்பாட்டில் ஓர் அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம். இடையில் வேலையின்றி விட்டால் அதற்கு முன்பே துண்டிக்கப்படலாம். எனவே பெருங்கோப்பை முதலில் கூகுள் டிரைவில் ஏற்றி, பிறகு கோலாபிலிருந்து டிரைவை இணைத்துக்கொள்வதே முறை. டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை நினைவிற் கொள்க. பல சிறு கோப்புகளை டிரைவிலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பது மிகவும் மெதுவானது. அவற்றை ஒரே சுருக்கக் கோப்பாக ஏற்றி, கோலாபின் தற்காலிக இடத்திற்குப் படியெடுத்து, அங்கே விரித்துப் பயன்படுத்த வேண்டும்.

வினவல் மொழி அறிந்தோர் கூகுளின் பிக்குவெரி தளத்தையும் பயன்படுத்தலாம். கட்டணமில்லாப் பயன்பாட்டில் 10 ஜிபி வரை சேமிக்கலாம். ஆனால் நம் கணினியிலிருந்து நேரடியாக ஏற்றும் கோப்பு 100 எம்பி அளவைத் தாண்டக் கூடாது. மேலும் அட்டவணைகள் 60 நாள்களில் தாமாக நீங்கிவிடும். ஆதலால் அது ஆய்வுக்கான இடமேயன்றிக் காப்பகம் ஆகாது.

துண்டுதுண்டாகத் திறத்தல்

கோப்பு ஏறியதும் முழுவதையும் ஒரே கட்டளையில் திறந்தால் தளம் நின்றுபோகலாம். கோலாபின் இலவசப் பயன்பாட்டில் நினைவகம் ஏறத்தாழ 12 ஜிபி. எழுத்துகள் நிறைந்த கோப்பு நினைவகத்தில் தன் எடையைப் போல் சில மடங்கு இடம் பிடிக்கும். மூன்று வழிகள் உதவும். தேவையான நெடுவரிசைகளை மட்டும் படிக்கச் சொல்லலாம். ஒரு தடவைக்கு ஒரு லட்சம் வரிசைகள் என்று துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்துச் சேர்க்கலாம். ஒருமுறை சரியாகப் படித்த பின் பார்க்கே வடிவில் சேமித்துக்கொள்ளலாம். அது எடை குறைந்தது, எழுத்து வகையா எண் வகையா என்பதையும் நினைவில் வைத்திருக்கும்.

1,44,38,445 என்று காற்புள்ளியிட்ட எண்களைத் தளம் எழுத்தாகவே கருதும். காற்புள்ளியை நீக்கிப் படிக்குமாறு கட்டளையிலேயே குறிப்பிட வேண்டும். முகவரிகளில் உள்ள காற்புள்ளிகள் நெடுவரிசைகளை இடம்பெயர்த்துவிடும் என்பதால் அவை மேற்கோள் குறிகளுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழுதான வரிசைகளைத் தவிர்த்துவிட்டுப் படி என்னும் கட்டளையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தவிர்க்கப்படுவது யாருடைய வழக்கு என்பது நமக்குத் தெரியாது.

ஏற்றிய பின் சரிபார்த்தல்

குறிப்பேட்டில் எழுதிய வரிசை எண்ணிக்கை தளத்தில் கிடைக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பின், வெளியிடப்பட்ட கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2011 இல் பட்டியல் சாதியினர் 1,44,38,445 பேர். ஆண்கள் 72,04,687, பெண்கள் 72,33,758. நம் கோப்பைக் கூட்டினால் இவ்வெண் வர வேண்டும். பல மடங்கு மிகுதியாக வந்தால் அதற்குக் காரணம் உண்டு. அக்கோப்பில் மாநிலம், மாவட்டம், வட்டம், சிற்றூர், நகரம் ஆகிய எல்லா நிலைகளும் அடுத்தடுத்த வரிசைகளாக உள்ளன. மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று தனித்தனியாகவும் உள்ளன. ஒரு நிலையை மட்டும் தேர்ந்தெடுத்தே கூட்ட வேண்டும்.

குற்ற விகிதத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். 57,582 வழக்குகளை 2011 கணக்கெடுப்பின் பட்டியல் சாதி மக்கள்தொகையான 2,013.8 லட்சத்தால் வகுத்தால் லட்சத்திற்கு 28.6 வரும். ஆவணக் காப்பகம் காட்டும் விகிதமும் இதுவே. இன்றைய வழக்குகளை அன்றைய மக்கள்தொகையால் வகுக்கிறார்கள் என்பதும் இதனால் புலப்படும்.

மாதிரி ஆய்வுத் தரவெனில் பெருக்குக் காரணி உள்ள நெடுவரிசையை ஏற்றாமல் விட்டுவிடக் கூடாது. அதைப் பயன்படுத்தாமல் எடுக்கும் விழுக்காடு, ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளைப் பற்றியதே ஆகும்; மக்களைப் பற்றியது ஆகாது.

இணைக்கும்போது மறையும் மக்கள்

இரு கோப்புகளை இணைக்கும்போதே மிகப் பெரிய பிழைகள் நேர்கின்றன. 2011 இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், வேலூரிலிருந்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும், நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்தன. இன்றைய விழுப்புரத்தின் வழக்குகளை 2011 விழுப்புரத்தின் மக்கள்தொகையால் வகுத்தால், வன்கொடுமை விகிதம் உண்மையினும் குறைவாகத் தோன்றும். கள்ளக்குறிச்சியோ பொருந்தும் இணையின்றி அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அடையாளம் காண வேண்டுமென்று 1995 விதிகளின் மூன்றாம் விதி அரசைப் பணிக்கிறது. அவ்வடையாளத்தை வலியுறுத்தி மனு அளிக்கும் நாமே ஒரு மாவட்டத்தைத் தொலைத்துவிடலாகாது. இரு கோப்புகளிலும் பொருந்தாமல் நின்ற வரிசைகளைத் தனியே எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சாதிப் பெயர்களிலும் இதே கவனம் தேவை. பள்ளன், குடும்பன், தேவேந்திரகுலத்தான் உள்ளிட்ட ஏழு பெயர்கள் 2021 திருத்தச் சட்டத்திற்குப் பின் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரின் கீழ் வருகின்றன. 2009 ஆம் ஆண்டின் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் ஏழு சாதிகளை உள்ளடக்கியது. பழைய, புதிய கோப்புகளை ஒப்பிடும்போது எந்தப் பெயர் எதனுள் அடங்கும் என்னும் பொருத்த அட்டவணை ஒன்றைத் தனியே எழுதி வைக்க வேண்டும். 1950 ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் பட்டியல் சாதி என்று எண்ணப்படுவதில்லை என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். கோப்பு முழுமையாக ஏறினாலும் அவர்கள் அதில் இல்லை.

பகிர்தலும் காத்தலும்

கோலாப் நோட்புக்கைப் பிறருக்கு அனுப்பும்போது, நாம் இடையில் அச்சிட்டுப் பார்த்த அட்டவணைகளும் அதிலேயே சேர்ந்து செல்லும். ஒருமுறை பெயர்களை அச்சிட்டிருந்தால் அவையும் செல்லும். பகிர்வதற்கு முன் வெளியீடுகளை அழித்துவிட வேண்டும். இணைப்பு உள்ள எவரும் காணலாம் என்னும் அனுமதியைத் தவிர்த்து, குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். கணக்கிற்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். மூலக் கோப்பின் படிகள் இரண்டு வேறு வேறு வன்தட்டுகளில் இருக்கட்டும். தளங்களின் விதிகள் மாறலாம், கணக்கு முடக்கப்படலாம்.

1931க்குப் பின் முதன்முறையாக அனைத்துச் சாதிகளையும் எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1 ஆம் நாளை மேற்கோள் நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் வெளியாகும் நாளில் அவற்றை விளக்கிச் சொல்லப் பலரும் முன்வருவர். அக்கோப்புகளை நாமே திறந்து, நாமே எண்ணி, நாமே கேள்வி கேட்கும் திறன் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு சிலருக்கேனும் இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை 2011 கோப்பைக் கொண்டு இப்போதே தொடங்கலாம். முதல் வேலையாக உங்கள் வட்டத்தின் சிற்றூர்களை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றுங்கள், எண்ணிப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்த ஊர்கள் அனைத்தும் அதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.